சாயம் அடிக்க வரட்டும், கையெழுத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்

(கோலலங்காட் வட்டாரத்தில் ஒரு தோட்டக் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த குடியிருப்பாளர் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதப்பட்டுள்ளது.)



மழையிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக நம் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் தலைவர் செயலாளர் பொருளாளர்! இன்றைக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை, அறுபது ஊழியர்கள் பஸ்ஸில் வருவார்களாம். லயத்து வீடுகளுக்குச் சாயம் அடிப்பார்களாம், ஒழுகும் தகரத்தை மாற்றுவார்களாம், சாக்கடையைச் சுத்தம் செய்வார்களாம், வாசலில் பூச்செடி நடுவார்களாம். காலைப் பசியாறை அவர்களே கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு பள்ளிப் பையும் உண்டு.

இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து குடியிருப்பு இரண்டாகக் கிடக்கிறது. ஒரு பக்கம், "இத்தனை வருஷத்தில் இப்பவாவது ஒருத்தன் எட்டிப் பார்த்தானே" என்கிறார்கள். இன்னொரு பக்கம், "வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறான், அதுக்குத்தான் இந்தப் பூச்செடி" என்கிறார்கள். மேல் லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதுகூட இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நான் வக்கீல் இல்லை. நான் ஒரு வயர்மேன். இதேபோல கம்பெனி ஆட்கள் வந்து வீடு பழுது பார்த்த மூன்று இடங்களில் கூடவே நின்று வேலை செய்திருக்கிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் யார்? கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண், ஸ்டோரில் பெட்டி தூக்கும் பையன், மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் இருப்பார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான். சனிக்கிழமை வீட்டில் தூங்க வேண்டிய நேரத்தில் தூரிகையைப் பிடித்து நிற்கிறார்கள். நான் போன ஓர் இடத்தில், சாக்கடை அள்ளிய ஒரு மலாய்ப் பையனுக்குக் கை முழுக்கக் கொப்பளம். ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்து மஞ்சள் வைத்துக் கட்டினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துக்கொண்டே நின்றான். அந்தப் பையன் மேல் நமக்கு என்ன கோபம்?

அந்தப் பாட்டி வீட்டுக் கதையையே சொல்கிறேன். பழைய லயம், கடைசி வீடு. முன் சுவர் முழுக்க சூரியகாந்திப் பூ வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. பாட்டியைப் பூவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து பஸ் கிளம்பும்போது பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் கக்கூசுக்கு ஒரு கதவு போடுவாங்களா?" நான் பின்னால் போய்ப் பார்த்தேன். கதவு இல்லை. ஒரு பழைய கைலியைத்தான் தொங்க விட்டிருந்தார். எழுபது வயதுக்கு மேலான பெண்மணி! முன்னால் அறுபது பேர் நாள் முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். பின்னால் போய் ஒருத்தரும் பார்க்கவில்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவும் இல்லை. நானும்தான் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொப்பளக்காரப் பையன் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் மோட்டார் சைக்கிளில் அவனே ஒரு பிளாஸ்டிக் கதவைக் கட்டிக்கொண்டு வந்தான். அப்போது கேமராவும் இல்லை, கம்பெனியும் இல்லை.

ஆகவே, அவர்கள் வரும் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் என்ன தேவை என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். சாயம் எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. கூரை ஒழுகும் வீட்டில் சாயம் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். முதலில் கூரை, பிறகு கதவு ஜன்னல், பிறகு தண்ணீர்க் குழாய், கழிவறை, கரண்டு. அதற்குப் பிறகு நேரம் இருந்தால் பூ வரையட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மேல் லயத்துக் கூரை தகரம் அல்ல. சாம்பல் நிறத்தில், அலை அலையாக, தட்டினால் 'டொக்'கென்று சத்தம் வரும் பழைய தகடு. பல பழைய லயங்களில் அது அஸ்பெஸ்டாஸ் கலந்த தகடாக இருக்கும். அது முழுதாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. அதை உடைத்தால், துளை போட்டால், கம்பித் தூரிகையால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்து நோயாக வரும். புற்றுநோயும் வரும். ஆர்வக் கோளாறில் ஒரு பையன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினால் அவனுக்கும் கேடு, கீழே நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் கேடு. ஆகவே மேல் லயத்துக் கூரையில் தொண்டூழியர் யாரும் கை வைக்கக் கூடாது. மாற்றுவதாக இருந்தால், அந்த வேலை தெரிந்த குத்தகையாளரைக் கம்பெனி தன் செலவில் கொண்டு வரட்டும். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டிருக்கிறீர்களே, இரண்டு மூன்று வீட்டில் பார்த்தேன், அதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் தொழில். கரண்டு வயரைத் தொண்டூழியர் தொடவே கூடாது. பதிவு பெற்ற வயர்மேன்தான் தொட வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது. நான் நேற்று பதினாறு வீடுகளைப் பார்த்தேன். ஏழு வீடுகளில் மெயின் பெட்டியில் இருக்கும் கசிவு காப்பான், நீங்கள் 'டிரிப் சுவிட்ச்' என்று சொல்வது, வேலை செய்யவில்லை. அதில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்துங்கள். அழுத்தியதும் கரண்டு 'டப்'பென்று நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அந்தப் பெட்டி உங்களைக் காப்பாற்றாது, மாற்ற வேண்டும். குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் காப்பான் இருக்க வேண்டும். பொருள் வாங்கும் காசு கம்பெனியுடையதாக இருக்கட்டும், வேலையை நானும் என் கூட்டாளிகள் இருவரும் கூலி இல்லாமல் செய்து கொடுக்கிறோம். இதை எழுதிக்கொள்ளுங்கள் செயலாளர் ஐயா.

சரி. இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சுக்கு வருகிறேன்.

இந்த வீடுகளைப் பழுது பார்ப்பது தர்மமா, கடமையா? தொழிலாளர் வீட்டுவசதி குறைந்தபட்சத் தரச் சட்டம் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் 446 என்று சொன்னால் தொழிலாளர் இலாகாவில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு முதலாளி வீடு கொடுத்தால் அதை நல்ல நிலையில் வைத்திருப்பதும், தண்ணீர், மின்சார வசதி செய்து கொடுப்பதும் முதலாளியின் பொறுப்பு என்பது அதன் சாரம். 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் தோட்டம் சுரங்கம் மட்டுமல்லாமல் மற்ற தொழில்களில் தங்குமிடம் பெறும் ஊழியர்களுக்கும் விரித்தார்கள்.

நம் நாற்பது குடும்பங்களில் இன்னமும் செம்பனையில் வேலை செய்கிறவர்கள் ஒன்பது குடும்பம். அந்த ஒன்பது வீட்டுக்கும் ஒழுகாத கூரை என்பது சட்டத்தில் உள்ள உரிமை. நிலத்தை வைத்திருக்கும் அதே குழுமத்தின் ஊழியர்கள் வந்து சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டு, அதற்கு நாம் மாலை போட்டு நன்றியுரை படிக்க வேண்டுமா? வந்த பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுவோம். கம்பெனிக்கு ரசீது கொடுப்போம், அவ்வளவுதான்.

மீதி முப்பத்தொரு குடும்பம் ஓய்வு பெற்றவர்கள், வேலை போனவர்கள், பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் நேராகக் கைகொடுக்காது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போவது அரசியல்வாதிகள் வேலை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு தம்பி கேட்டார். லாபம் இல்லாமல் இல்லை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் சமுதாயத்துக்கு என்ன செய்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்ற ஏற்பாடு 2007 வாக்கில் வந்தது. புர்சா மலேசியா 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் நான்கு தலைப்பு: சுற்றுச்சூழல், சமுதாயம், வியாபாரம், வேலையிடம். கவனியுங்கள், 'வேலையிடம்' என்பதும் அதில் ஒன்று. தன் சொந்தத் தொழிலாளியை எப்படி வைத்திருக்கிறாய் என்ற கேள்வி அது. ஆனால் படம் பிடித்துப் போடுவதற்கு சூரியகாந்திப் பூதான் நன்றாக இருக்கிறது. அது போக, 1967 வருமான வரிச் சட்டம் 34(6)(எச்) பிரிவின் கீழ், நிதியமைச்சின் ஒப்புதல் பெற்ற சமுதாயத் திட்டச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் வீட்டுவசதியும் இருக்கிறது. இது தப்பில்லை, சட்டம் கொடுக்கும் சலுகை. நமக்குப் பிச்சை போடுவதாக நினைத்துக் கூனிக் குறுகி நிற்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பாரம். கடிதத்தோடு ஒரு மஞ்சள் பாரம் வந்ததே, "வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும்" என்றார்களே, அதை எத்தனை பேர் முழுக்கப் படித்தீர்கள்? கை தூக்குங்கள்... நான்கு பேர். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்? பரவாயில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை, தூக்குங்கள். பதினொரு பேர்.

முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை எண், வீட்டில் எத்தனை பேர். அதில் குறையில்லை. இரண்டாம் பக்கம், கீழே சின்ன எழுத்தில், மலாயில் ஒரு வரி. குடியிருப்பவர் இந்த வீட்டில் 'செச்சாரா இஹ்சான்' குடியிருப்பதை ஒப்புக்கொள்கிறார் என்று இருக்கிறது. இஹ்சான் என்றால் கருணை, தயவு. அதாவது, கம்பெனியின் தயவில் நான் இங்கே இருக்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அடுத்த வரியில், தேவைப்படும்போது இடத்தைத் திரும்ப ஒப்படைப்பதில் ஆட்சேபமில்லை என்று இருக்கிறது. சாயம் அடிப்பதற்கும் இந்த இரண்டு வரிக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடுதான் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவேளை கம்பெனி வக்கீல் எல்லாப் பாரத்திலும் போடும் வரியாக இருக்கலாம். ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் இந்தக் காகிதம் மேசைக்கு வரும்போது, எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள்.

நம் ஆட்கள் அடிக்கடி சொல்கிற ஒரு வார்த்தை: "என் தாத்தா காலத்திலிருந்து, அறுபது வருஷமா இங்கதான் இருக்கோம், யாரு அசைக்க முடியும்?" அசைக்க முடியும். இந்த நாட்டு நிலச் சட்டத்தில், நீண்ட காலம் குடியிருந்தோம் என்பதால் மட்டும் நிலம் சொந்தமாகாது. அரசாங்க நிலமானாலும் தனியார் நிலமானாலும் அப்படித்தான். டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமம் இருந்தாலும் அது அந்த ஆண்டு டிசம்பர் 31க்கு மேல் போகாது, புதுப்பிக்க வேண்டும். வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்தது, பிள்ளைக்குப் போகாது. பினாங்கில் கம்போங் புவா பாலா தெரியுமல்லவா? மாடு வளர்த்து, பொங்கல் வைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர் கிராமம். 2009இல் வழக்கில் தோற்று, அதே ஆண்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதியில் நம் மக்கள் இறங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம் அது. அங்கே நல்ல வீடுகள் இருந்தன. நல்ல வீடு என்பதற்காக யாரும் விட்டு வைக்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொன்று. புத்ராஜெயா எழுந்து நிற்கும் மண், பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மண். அங்கே பால் வெட்டிய குடும்பங்களை 1990களின் கடைசியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். தரை வீடு கிடைக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். கிடைத்த அடுக்குமாடியில் சுவர் விரிசல் விட்டது. பிறகு எத்தனை மகஜர், எத்தனை மறியல்! அங்கே என் சித்தப்பா குடும்பம் இருந்தது. சித்தி சொல்வார், "சொன்னாங்க, சொன்னாங்கன்னு நாங்க சொல்றோம், எழுதிக் கொடுத்தது எங்கன்னு அவங்க கேட்குறாங்க" என்று.

ஆகவே நமக்குக் காகிதம் முக்கியம். அவர்கள் கொண்டு வரும் காகிதத்தைவிட நம் வீட்டில் கிடக்கும் காகிதம் முக்கியம். தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை, தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்த பதிவு, இ.பி.எஃப். கணக்கு, முதன்முதலில் கரண்டு எடுத்த பில், தோட்டம் கைமாறியபோது நிர்வாகம் கொடுத்த கடிதம். இவையெல்லாம் எதற்கு? நாம் இரவோடு இரவாக வேலி தாண்டி வந்து குடிசை போட்டவர்கள் அல்ல, நிர்வாகமே வேலைக்காகக் கொண்டு வந்து குடிவைத்தது என்று காட்டுவதற்கு. அனுமதி இல்லாமல் குடியேறியவர்களை வெளியேற்ற நீதிமன்றத்தில் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. அனுமதியோடு வந்தவர்கள் அந்த வழியை எதிர்த்து வாதாட இடம் உண்டு. வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன், எனக்கு அதற்கு மேல் தெரியாது. சாயம் அடிக்கும் நாளில் பழைய பெட்டிகளை வெளியே தூக்கிப் போடுவார்கள். "குப்பைதானே" என்று யாரோ ஒரு நல்ல பிள்ளை எரித்துவிடப் போகிறது! முதல் வேலையாக அந்தக் காகிதங்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். நம் தாத்தா பாட்டிமார் சிறுகச் சிறுகக் காசு போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். அன்றைக்குச் சோற்றுக்கே இழுபறி. இருந்தும், தர்மம் கேட்காமல் பங்கு வாங்கினார்கள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் அப்போது சேராமல் விட்டது ஏன் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது பழைய கதை, விடுங்கள்.

கமிட்டிக்கு என் யோசனை இதுதான். அந்தச் சனிக்கிழமையை ஏற்றுக்கொள்வோம். பாரத்தில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, அடித்த இடத்தில் நம் சுருக்கொப்பமும் அவர்கள் அதிகாரியின் சுருக்கொப்பமும் இருந்தால் கையெழுத்துப் போடுவோம். மாட்டேன் என்றால், அந்த வரிகள் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும் பயப்படாதீர்கள். படிக்காமல் போட்டுவிட்டோம், அந்த இரண்டு வரியையும் ஏற்கவில்லை, பாரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கடிதம் எழுதி, ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குவோம். அதற்கு முன்னால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் காட்டுவோம். அடையாள அட்டை நகல் கேட்டால், நகலின் மேல் இரண்டு கோடு போட்டு, 'வீடு பழுதுபார்க்க மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வெறும் நகல் கொடுக்காதீர்கள்.

படம் எடுப்பது பற்றி அக்காமார்கள் கேட்டீர்கள். வெளியே எடுக்கட்டும். உள்ளே வர வேண்டுமானால் கேட்டுவிட்டு வரட்டும். பெண் பிள்ளைகளை, நோயில் படுத்திருப்பவர்களை எடுக்கக் கூடாது. 'ஏழைக் குடும்பம்' என்று கீழே எழுதுவதாக இருந்தால் எங்கள் படம் வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். பள்ளியில் பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் அதைக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தது.

இன்னொன்று, அன்றைக்கு நாமும் வேலை செய்ய வேண்டும். அவர்கள் சாக்கடை அள்ளும்போது நம் இளைஞர்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் இங்கே வரவே மாட்டேன். சொந்த லயத்துக்குச் சொந்தக் கை முதலில் இறங்க வேண்டும். மதியச் சாப்பாடு நம்முடையது. அவர்கள் பசியாறை கொண்டு வந்தால் நாம் மதியம் போடுவோம், கணக்கு நேராகிவிடும். மலாய்க்காரர்கள் வருவதால் சமையலைச் சைவமாகவே வைத்துக்கொள்வோம், வந்தவர்கள் தயங்காமல் உட்காருவார்கள்.

அதிகாரி வரும் நேரத்தில் கமிட்டி அவரிடம் ஒரே ஒரு கடிதம் கொடுக்கட்டும். பாராட்டுக் கடிதம் அல்ல. இந்த நாற்பது குடும்பத்துக்கும் நிரந்தர வீட்டுக்கு என்ன திட்டம், எங்கே, எப்போது, யார் பெயரில் என்று கேட்கும் கடிதம். அறுபது ஊழியர்கள் சாட்சியாக நிற்கும்போது கேட்போம். நகல் ஒன்று தொழிலாளர் இலாகாவுக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒன்று நம் இயக்கத்துக்கு.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது. மஞ்சள் பாரம் வைத்திருப்பவர்கள் போகும்போது செயலாளரிடம் காட்டிவிட்டுப் போங்கள். மேல் லயத்து அண்ணன்மார் இருவரும், பேசாமல் இருக்கிறீர்களே, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போய்த் தேவைப் பட்டியல் எடுக்க வேண்டும், கமிட்டியில் பெயர் போட்டாயிற்று. புதன்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கதவு இருக்கிறதா என்று கேளுங்கள்.